கட்டாத நண்டுக்கு அனுமதி இல்லை

கும்மிடிப்பூண்டியில் இஸ்திரி போட்ட சட்டையோடும் தோள்பையோடும் ரயிலைவிட்டு இறங்குகிறவர் எல்லோரும் கம்பெனிக்குத்தான் போவார்கள். இது அங்குள்ள ஷேர் ஆட்டோக்காரர்கள் என்றைக்கோ எடுத்துவிட்ட முடிவு. நூலகத்துக்குப் போக வேண்டும் என்று நான் தெளிவாகத்தான் சொன்னேன். ஊர்ப் பெயரையும் சொன்னேன். ஓட்டுநர் தலையசைத்தார். அவருடைய இருக்கையிலேயே இரண்டு பக்கமும் ஆள் ஏறியிருந்ததால் அந்தத் தலையசைப்பே சிரமப்பட்டுத்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில் ஓர் இரும்பாலையின் வாசலில் என்னை இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

வாசல் காவலாளி என் பையைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு துண்டு, இரண்டு சட்டை, கோயம்புத்தூரிலிருந்து பத்திரமாக வந்து சேர்ந்த தேங்காய் பன். "இன்டர்வியூவா சார்?" என்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. நூலகம் என்றேன். அவர் பன்னை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு சாலையின் எதிர்ப்பக்கம் நின்று வேறு ஆட்டோ பிடிக்கச் சொன்னார்.

கிராமத்து நூலகங்கள் இணையத்தை ஊருக்குள் கொண்டுவந்திருக்கின்றனவா என்று பார்த்து எழுதும்படி ஒரு பத்திரிகை கேட்டிருந்தது. செய்தி மேசையில் இருந்த காலத்தில் 'நூலகத்தில் இணைய வசதி' என்று வரும் செய்திகளை ஒரு பத்தியாகச் சுருக்கி, பக்கத்தின் அடியில் இடம் மிச்சமிருந்தால் போட்டிருக்கிறேன். படத்தில் எப்போதும் ஒரு கணினி இருக்கும். அதைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள். ஒருவர்கூட கணினியைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

இரண்டாவது ஆட்டோ என்னைக் கிழக்கே கொண்டுபோனது. புகைபோக்கிகள் பின்னால் போயின. வேலிக்காத்தான் வந்தது, நெல் வந்தது. காற்றில் உப்பு வாடை வந்ததும் ஊரும் வந்தது. ஒரு பக்கம் தொழிற்பேட்டை ஆட்களுக்கு வாடகைக்குக் கட்டிய வரிசை அறைகள், மறுபக்கம் பழவேற்காடு ஏரியில் மீன் பிடிப்பவர்களின் தெரு, நடுவில் பச்சை வண்ணம் பூசிய நூலகம். முனையில் இருந்த கடையில், "டீ கிடைக்குங்களா?" என்று கேட்டேன். கடைக்காரர் நான் வேறு யாரையோ கேட்கிறேன் என்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னிடம், "இன்னா சார், ஸ்ட்ராங்கா லைட்டா?" என்றார். எங்கள் ஊரில் இதையே கேட்க இன்னும் இரண்டு 'ங்க' செலவாகியிருக்கும்.

நூலகத்துக்குள் நான்கு பேர் இருந்தார்கள். நூலகத்தின் சுற்றுச்சுவர் மேலோ இடமே இல்லை.

அந்தச் சுவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இடுப்பு உயரம்தான். கால் தொங்கப்போட்டு உட்கார வசதியானது. நூலகத்தின் வைஃபை அதுவரை வரும். வாசலுக்கு எதிரே இருக்கும் வேப்பமரத்தைத் தாண்டினால் நின்றுவிடும். 'மரம் தாண்டினா சுத்தும்' என்று ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்கிறது. சுவரில் இடங்கள் பிரிக்கப்பட்டிருக்கின்றன, யாரும் பிரிக்கவில்லை. ஜன்னலுக்கு நேராக உள்ள பகுதி கல்லூரிக்குப் படிப்பவர்களுக்கு, ஏனென்றால் அங்கேதான் வேகம் அதிகம். கேட் பக்கம் இரவு ஷிப்ட் முடித்து வரும் வடநாட்டுத் தொழிலாளர்களுக்கு. அடிபம்பு ஓரம் புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு. அங்கே வேகம் குறைவு, ஆனால் தள்ளி இருக்கிறது.

கேட் பக்கத்தில் ஓர் இளைஞர் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு பீகாரில் இருக்கும் அம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் அது இப்படி விளங்கியது: "இல்லம்மா, இது கம்பெனி இல்லை. நூலகம். ஆமாம், புத்தகம் எல்லாம் இருக்கிறது. தினமும் வருகிறேன்." ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மகன் படிப்பாளி ஆகிவிட்டான் என்று அந்த அம்மா அழுதிருக்கவும் கூடும்.

நூலகர் மல்லிகா பொன்னேரியிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர். நாற்பதைத் தாண்டியவர், தூசி தட்டும் துணியைக் கையிலிருந்து இறக்காமலே பேசுபவர். அன்றைக்கு அவர் பேச்செல்லாம் வியாழக்கிழமையைப் பற்றியே இருந்தது. சுற்றுவட்டாரத்தில் சில நூலகங்களுக்குச் சோதனையாக இணைய இணைப்பு கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் தொடர்ந்து கொடுக்க முடியாதாம். வியாழக்கிழமை மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்து, இங்கே இணைப்பு இருக்கலாமா கூடாதா என்று முடிவு சொல்லப்போகிறார்.

சுவரைப் பார்த்தாலே தெரிந்துவிடாதா என்று கேட்டேன்.

"செவுத்துல குந்தினு இருக்கிறவங்கள்லாம் வாசகர் இல்ல சார். உள்ள வந்து குந்துனாத்தான் கணக்கு" என்றார்.

உள்ளே வருவதில் ஒரு சங்கடம் இருந்தது. அந்தச் சங்கடத்தின் பெயர் கோதண்டம். பள்ளிக்கூடத்தில் மணி அடித்து ஓய்வு பெற்றவர். ஆந்திரா பக்கத்து வழக்கப்படி ஊரே அவரை நைனா என்று கூப்பிடுகிறது. காலையில் முதல் ஆளாக வந்து, நாளிதழை நடுப்பக்கம் முதல் ஆரம்பித்துப் படிப்பவர். 'அமைதி காக்கவும்' என்ற பலகையை உலகத்திலேயே உண்மையாக எடுத்துக்கொண்ட ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். யாராவது போனில் ஹலோ என்றால் பேப்பரை இறக்கிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் ஊர் சுவரில் குடியேறியிருக்கிறது.

பயப்படாதவர் ஒருவர் உண்டு. கணினிக்கு மேலே, கோதண்டத்தின் கொட்டை எழுத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. 'கட்டாத நண்டு உள்ளே கொண்டு வரக் கூடாது.' அது என்ன என்று கேட்டதற்கு, காலையில் வந்து பாருங்கள் என்றார் மல்லிகா.

இரவு பொன்னேரியில் தங்கி, மறுநாள் காலை அங்கேயே இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். கோவையில் இட்லிக்குச் சட்னிதான் நான்கு வகை. இங்கே ஒரே வடகறி அந்த நான்கையும் உட்காரவைத்துவிட்டது. பரிமாறியவர் நான் இன்னும் கேட்பேன் என்று தெரிந்து வாளியோடு பக்கத்திலேயே நின்றார். அதனால் பஸ்ஸை விட்டேன். அடுத்த பஸ் வழியில் ஒரு மாட்டு மந்தைக்காக நின்றது. நடத்துநர் இறங்கி, மாடுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விரட்டினார். பெயர்கள் எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, இரண்டு மாடு தன்னுடையது என்றார்.

நான் நூலகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள், கோதண்டத்துக்குப் பயப்படாத அந்த ஒருவரான தேவி வந்துவிட்டிருந்தார். முப்பது வயதுக்காரர். பிளாஸ்டிக் கூடை நிறையச் சேற்று நண்டு. ஒவ்வொன்றின் கொடுக்கும் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. கணினி முன் கோணிப்பையை விரித்து, கூடையை அதன்மேல் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் சென்னை ஓட்டல் ஒன்றுக்கு நண்டு வாங்கித் தரும் மனிதர் பல் துலக்கியபடி தோன்றினார்.

ஓடு மாற்றிய புது நண்டில் சதை இருக்காது, தண்ணீர்தான் இருக்கும். அதனால் நண்டின் வயிற்றை அழுத்திப் பார்த்துத்தான் வாங்குவார்கள். சென்னையில் இருப்பவர் எப்படி அழுத்துவார்? தேவி ஒவ்வொரு நண்டாகக் கேமராவுக்கு முன் தூக்கி, கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். ஓடு அமுங்கவில்லை. தராசு முள்ளையும் காட்டினார். பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்காமலே அந்த மனிதர் விலை சொன்னார், தேவி மறுத்தார், அவர் ஏற்றினார். அமைதிப் பலகை மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

முன்பெல்லாம் கரையில் நிற்கும் வியாபாரி ஒருவர்தான் விலை வைப்பாராம். அழுத்திப் பார்த்து, நல்ல நண்டையும் தண்ணீர் நண்டு என்பாராம். வேறு யாரிடம் காட்டுவது? இப்போது கேட்பதற்கு இன்னொரு ஆள் இருக்கிறார் என்பதே தேவிக்குப் போதும். வீட்டில் போன் இல்லையா என்றேன்.

"கீது சார். அது எங்க ஊட்டுக்காரரோட படகுல போய்டும். எனக்கு பட்டன் போன்தான். இந்த லைன் போச்சுன்னா மறுபடியும் அந்தாளு கால்லதான் போய் உழணும்" என்றார். சொல்லிவிட்டு நண்டைக் கூடையில் போட்டார், கொஞ்சம் வேகமாகவே.

அன்றைக்குப் பெரும்பாலும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஆளுக்கொரு போன் இருக்கும் காலத்தில் நூலகம் எதற்கு என்ற கேள்வியோடுதான் கோவையில் ரயில் ஏறியிருந்தேன். வீட்டுக்கு ஒரு போன் என்பதுதான் சரியான கணக்கு. அது காலையில் வேலைக்குப் போகிறவரோடு போய்விடுகிறது. விண்ணப்பம் போட வருகிற பெண்களுக்கு மல்லிகா சான்றிதழை ஸ்கேன் செய்து ஏற்றித் தருகிறார். அதற்கு வரும் ரகசிய எண்ணோ ஏரி நடுவில் படகில் இருக்கும் போனுக்குப் போகிறது. கணவர் வலையை விட்டுவிட்டுப் போனை எடுத்துக் கண்ணாடி தேடிப் படிப்பதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிடும். ஒரு பெண் மல்லிகாவின் போனில் மூன்றாவது முறையாக எண் கேட்டபோது கணவர் படகிலிருந்து கத்தியது எங்களுக்கே கேட்டது. "யக்கா, எனக்கு பாஸ்வேர்டு இன்னா?" என்று மல்லிகாவைக் கேட்கிறவர்கள் ஏராளம். அவருக்கு நினைவிருக்கிறது என்பதுதான் ஆச்சரியம். எங்கள் தெரு வங்கியில் என் கடவுச்சொல்லை நான் மறந்ததற்கு ஒரு வாரம் அலையவிட்டார்கள்.

மத்தியானம் தேவி வீட்டில் நண்டுக் குழம்பு. சட்டைக் கையை மடிக்காமல் உட்கார்ந்தேன். கோயம்புத்தூர்க்காரர் நண்டு தின்பதைப் பார்க்கத் தெருவில் பாதி வந்திருந்தது. எங்கள் ஊருக்கு நண்டு ஐஸில் படுத்து வரும். சாப்பிடுகிறவரும் அதுவும் கௌரவமாக நடந்துகொள்வார்கள். இங்கே காலைப் பல்லால் உடைத்து உறிஞ்ச வேண்டும் என்றார்கள். ஒரு பெண்மணி என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "பேஜாரா பூட்ச்சு பாரு அவருக்கு" என்று ஒரு முட்டையை அவித்துக் கொண்டுவந்து வைத்தார்.

சாப்பிட்டு முடித்து, சென்னைக்கு அனுப்ப வைத்திருந்த கூடையை எண்ணிப் பார்த்த தேவி ஒரு நண்டு குறைகிறது என்றார். எல்லோரும் நூலகத்துக்கு ஓடினோம். கூடை இருந்த இடத்தில் ஒரு கயிற்றுத் துண்டு மட்டும் கிடந்தது. அலமாரிகளுக்கு அடியில் துடைப்பத்தை விட்டுப் பார்த்தார் மல்லிகா. கோதண்டம் நாற்காலி மேல் ஏறி, வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வழிகாட்டினார். கிடைக்கவில்லை. சாக்கடை வழியாகக் குளத்துக்குப் போயிருக்கும் என்று தேவி முடிவு செய்தார். கோதண்டம் இறங்க இன்னும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் மல்லிகா சுவர் நெடுகப் போய் ஒவ்வொருவரிடமும் சொன்னார். நாளைக் காலை அதிகாரி வரும்போது எல்லோரும் உள்ளே வந்து உட்கார வேண்டும். தேவி வழக்கம்போல நண்டு காட்ட வேண்டும். எல்லோரும் சரி என்றார்கள். பீகார் இளைஞர் தூங்காமல் நேரே வருவதாகச் சொன்னார்.

வியாழக்கிழமை காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது நூலகத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அதிகாரியின் ஜீப்புக்கு வழி காட்ட மல்லிகா நூலகத்துக்கு வராமல் நேரே நெடுஞ்சாலை முனைக்குப் போயிருந்தார். அந்த இடைவெளியில் கோதண்டம் ஊர் மானத்தைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். வாசலில் கோலம். நிலையில் மாவிலை. தரையெல்லாம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஓரங்களில் ஈரம் இன்னும் தேங்கியிருந்தது. சுற்றுச்சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு. நண்டு அறிவிப்பைக் கிழித்திருந்தார்கள். ஒலிபெருக்கி வைக்க வேறு பிளக் இல்லாததால் வைஃபை பெட்டியைப் பிடுங்கியிருந்தார்கள். கணினியைச் சலவைத் துணியால் போர்த்தி, மாலை போட்டு, துணியை முகம் வரை விலக்கி, நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். கணினிக்கு நெற்றி என்பது கேமரா இருக்கும் இடம்.

மாணவர்களும் தொழிலாளர்களும் சொன்னபடி வந்திருந்தார்கள். கோதண்டம் எல்லோரையும் விரட்டிவிட்டார். தேவியைக் கரை வியாபாரியிடமே ஒரு நாளைக்குக் கொடுத்துவிடச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அதிகாரி பார்க்க வருவதே ஆட்களைத்தானே என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"சார், பொண்ணு பாக்க வர அன்னிக்கு ஊட்டு வாசல்ல அழுக்குத் துணிய காயப் போட்டு வெப்பாங்களா?" என்று கேட்டார் கோதண்டம். என்னை மட்டும் உள்ளே உட்காரவைத்தார். பேப்பர்காரர் இருந்தால் மதிப்பு என்பது அவர் எண்ணம்.

ஜீப் வந்தது. அதிகாரி ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். பின்னாலேயே வந்த மல்லிகா வாசல்படியில் ஒரு காலை வைத்தபடி நின்றுவிட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சில நேரங்களில் பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை.

அதிகாரி காலி நாற்காலிகளைப் பார்த்தார். பளபளக்கும் தரையைப் பார்த்தார். மாலை போட்ட கணினியைப் போட்டுக் காட்டச் சொன்னார். மல்லிகா போட்டார். இணைப்பு இல்லை என்றது. கேமரா வேலை செய்கிறதா என்று பார்த்தார். திரை முழுக்க ஒரு செங்குழம்பு. இணைப்பு இருப்பதையே யாரும் கவனித்ததாகத் தெரியவில்லையே என்று அதிகாரி மெதுவாகச் சொன்னார். கோபம் இல்லை. ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டவரின் குரல்.

தண்ணீர் ஊற்றிக் கழுவியது நமக்குத்தான் சுத்தம். ஒரு நாள் பூராவும் இரும்பு அலமாரிக்குப் பின்னால் காய்ந்து கிடந்த ஒரு ஜீவனுக்கு அது ஏரி திரும்பி வந்த மாதிரி. முதலில் ஒரு கொடுக்கு வெளியே வந்தது. பிறகு முழு நண்டும் வந்தது. இன்னொரு கொடுக்கில் பாதிக் கயிறு தொங்க, ஈரத் தரையில் பக்கவாட்டில் நிதானமாக நடந்து, அதிகாரியின் நாற்காலிக்கு முன்னால் நின்றது.

அதிகாரி இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். "இது எப்படி உள்ளே வந்தது?"

கோதண்டம் ஏற்கெனவே இன்னொரு நாற்காலி மேல் இருந்தார். அங்கிருந்தபடி பதற்றத்தில் உண்மையைச் சொல்லிவிட்டார். "டெய்லி வரதுதான் சார். ஆனா கட்டிக்கினுதான் வரும்."

"டெய்லியா?" என்றார் அதிகாரி.

அதன்பிறகு மல்லிகாவை யாராலும் நிறுத்த முடியவில்லை. சுவர், மரம், படகில் இருக்கும் போன், பல் துலக்கும் ஓட்டல்காரர் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். தேவியைக் கூப்பிடச் சொன்னார் அதிகாரி. கரைக்குப் போகாமல் வேப்பமரத்தடியில் கூடையோடு உட்கார்ந்திருந்த தேவி உள்ளே வந்தார். நண்டின் முதுகில் காலை வைத்து அழுத்தி, கயிற்றின் ஒரு முனையைப் பல்லில் பிடித்துக் கொடுக்கைக் கட்டினார். முந்தானையால் கணினியின் பொட்டைத் துடைத்தார். மல்லிகா ஒலிபெருக்கியைப் பிடுங்கிவிட்டு வைஃபை பெட்டியைச் செருகினார்.

திரையில் ஓட்டல்காரர் வந்தார். பல் துலக்கி முடித்து வெகுநேரம் ஆகியிருந்தது போல, கோபமாக இருந்தார். பின்னால் நிற்கும் அதிகாரியைப் பார்த்ததும் கோபம் இன்னும் ஏறியது.

"யாரும்மா அது பின்னாடி? அந்தக் கரை ஏவாரியா? அவன் பேச்ச கேட்டு ரேட்ட எறக்காத, சொல்ட்டேன்."

"இல்லண்ணா. ஆபீசரு. இந்த லைன் இருக்கணுமா வாணாமான்னு சொல்றவரு" என்றார் தேவி.

ஓட்டல்காரர் திரைக்குக் கிட்டே வந்தார். "அப்ப அவரையே அமுக்கிக் காட்டச் சொல்லு" என்றார்.

தேவி நண்டை நீட்டினார். மாவட்டத்திலிருந்து வந்தவர் கோப்பைக் கோதண்டத்திடம் கொடுத்துவிட்டு, ஒரு விரலால், மிக ஜாக்கிரதையாக நண்டின் வயிற்றை அழுத்தினார். அமுங்கவில்லை. விலை படிந்தது.

பெட்டியில் விளக்கு எரிந்ததும் வெளியே போன்கள் ஒவ்வொன்றாகக் கூவத் தொடங்கியிருந்தன. மரத்தடிக்கு விரட்டப்பட்டவர்கள் திரும்பி வந்தார்கள். சுவரில் சுண்ணாம்பு காயவில்லை. வேறு வழியில்லாமல் ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அவசரப்பட்டு முதலில் சுவரில் உட்கார்ந்துவிட்டவர்கள் வெள்ளைப் பின்புறத்தோடு வந்தார்கள். நாற்காலி போதவில்லை. பீகார் இளைஞர் ஒரு தடிமனான தமிழ்ப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்து அம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

அதிகாரி வெளியே போய்ச் சுவரைப் பார்த்தார். புது வெள்ளையில் ஆள் உட்கார்ந்த தடங்கள் ஜன்னலுக்கு நேராக நெருக்கமாகவும், அடிபம்பு ஓரம் இரண்டிரண்டாகவும் பதிந்திருந்தன.

"லைன் இருக்கட்டும்மா" என்று மல்லிகாவிடம் சொன்னார். ஜீப்பில் ஏறியபின் கோதண்டத்தைப் பார்த்து, "அடுத்த தடவை நான் வரும்போது தயவுசெய்து சுத்தம் பண்ணாதீங்க" என்றார். கோதண்டம் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு ஒரு சால்வையைப் போர்த்தினார்.

மறுநாள் ஊருக்குக் கிளம்பும் முன் நூலகத்துக்குப் போனேன். சுவர் காய்ந்து, அவரவர் இடத்தில் அவரவர் இருந்தார்கள். உள்ளே கோதண்டம் நடுப்பக்கத்தில் இருந்தார். தேவி ஓட்டல்காரரோடு சண்டையில் இருந்தார். கணினிக்கு மேலே அறிவிப்பு திரும்பவும் ஒட்டப்பட்டிருந்தது. அதே கொட்டை எழுத்து, புதுத் தாள், கூடுதலாக ஒரு வரி:

'கட்டாத நண்டு உள்ளே கொண்டு வரக் கூடாது. அதிகாரி வரும் நாள் நீங்கலாக.'